'பொசிஷன்' என்னும் ஒரு சொல்லும் நமது நிலையும்

ஆங்கிலத்தில் 'பொசிஷன்' என்றொரு சொல் உண்டு. கனடாவுக்கு வந்து சேர்ந்த தமிழர் எவரும் முதல் ஆண்டிலேயே அதனை எதிர்கொள்ளாது தப்பியிருக்க முடியாது. ஒரு கிழமைக்குள் வீட்டுக்கு வருகின்ற கடிதங்களை மேசைமேற் பரப்பிப் பார்த்தாற் போதும். தொழிற்சாலைக்கு விண்ணப்பித்தவருக்கு, அந்தப் 'பொசிஷன்' நிரப்பப்பட்டுவிட்டது என்று ஒரு கடிதம். வாடகையைக் குறைக்கும்படி கேட்டவருக்கு, குறைக்கும் 'பொசிஷனில்' தாம் இல்லை என்று கட்டட முகாமையாளரின் பதில். சட்டத்தரணியிடமிருந்து, கட்சிக்காரரின் 'பொசிஷன்' இதுதான் என்று தொடங்கும் ஒரு நீண்ட பந்தி. பாடசாலைக் காற்பந்துக் குழுவிற் சேர்ந்த மகன் கொண்டுவந்த படிவத்திலோ, எந்தப் 'பொசிஷனில்' விளையாட விருப்பம் என்று ஒரு கேள்வி. முதலாவது வேலை, இரண்டாவது வசதி, மூன்றாவது வாதம், நான்காவது மைதானத்தில் ஓர் இடம்.

முதியோருக்கான ஆங்கில வகுப்பொன்றில் நாம் பல ஆண்டுகள் படிப்பித்தோம். அக்காலத்தில் எமக்கு அதிக வில்லங்கம் தந்த சொல் இதுவே. கைக்கு அடக்கமான அகராதிகள் 'நிலை, இடம், பதவி' என்று மூன்று சொற்களை அடுக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். எவ்விடத்தில் எது பொருந்தும் என்பதை மாணவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதில் அகதியாக வந்தவர் அதனைக் கண்டுபிடிக்கும் முன்னர் படிவம் நிரப்பி ஒப்பமும் இட்டு முடிந்துவிடும். எனவே இச்சொல்லைப் பற்றியும் அதன் உறவினர் பற்றியும் நாம் தேடி அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

இலத்தீன் மொழியில் 'பொனெரே' என்றால் வைத்தல். அவ்வினையிலிருந்து பிறந்த பெயர், பிரெஞ்சு வழியாகப் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் புகுந்தது. புகுந்தபோது அது தருக்கம் பேசுவோரின் சொல்லாக இருந்தது என்பதே வியப்புக்குரியது. வாதத்தின் தொடக்கத்தில் ஒருவர் முன்வைக்கின்ற கூற்றுக்கு அப்பெயர் இடப்பட்டது. பொருள் ஒன்று வைக்கப்பட்டிருக்கும் இடம் என்ற கருத்து அதன்பின் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் வழக்குக்கு வந்தது. சமூக மதிப்பு, உத்தியோகம் என்ற பொருள்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்பட்டவை. ஆகவே, நாம் எல்லோரும் வேலைப் படிவத்தில் முதலிற் சந்தித்த பொருள்தான் அச்சொல்லின் கடைக்குட்டி.

அதே 'வைத்தல்' வேறு வேடங்களிலும் நம்மிடம் வந்திருக்கிறது. வங்கியில் இடும் 'டிப்பொசிற்' அதன் வழி வந்தது. நாமும் அதனை வைப்பு என்றே சொல்கிறோம். விசாரணைத் தவணை பிற்போடப்படுவதைக் குறிக்கும் 'போஸ்ற்போன்' என்ற சொல்லுக்கு, பின்னால் வைத்தல் என்பதே நேர்ப்பொருள். நமது ஒத்திவைப்பிலும் அந்த 'வை' இருக்கிறது. சத்தியக் கடதாசி கொடுப்பவரை ஆங்கிலச் சட்டம் 'டிப்போனன்ற்' என்கிறது. தான் அறிந்ததைக் கீழே வைப்பவர் என்பது அதன் பொருள். அகதிக் கோரிக்கை செய்த எவரும் இம்மூன்றையும் நன்கு அறிவர். பலருக்கு இரண்டாவது அளவுக்கதிகமாகவே பழக்கம்.

இனி ஒரு சம்பவம். 1993ஆம் ஆண்டு, சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்புக்காக நாம் அமர்ந்திருந்தோம். வடமராட்சியிலிருந்து வந்த இளைஞர் ஒருவரின் வாக்குமூலம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஊரில் ஓரளவு ஆங்கிலம் படித்தவர்; இலகுவான கேள்விகளுக்குத் தாமே மறுமொழி சொல்ல ஆசைப்பட்டார். இராணுவத்தினர் ஊருக்குள் புகுந்தபோது உமது 'பொசிஷன்' என்ன என்று சட்டத்தரணி கேட்டார். இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்து, "செக்ரட்டரி" என்றார். சட்டத்தரணியின் பேனா ஒரு கணம் நின்றது. பின்னர், எந்த அமைப்பின் செயலாளர், எத்தனை பேர் உமக்குக் கீழே இருந்தனர், ஆயுதப் பயிற்சி பெற்றீரா என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரலாயின. இளைஞரின் முகம் வெளிறிவிட்டது.

நாம் குறுக்கிட்டோம். "தம்பி, நீர் எதின்ரை செயலாளர்?" என்று கேட்டோம். "எங்கடை வாசிகசாலைக்கு, மாஸ்ரர்" என்றார். அவர் கேட்டது பதவியை அல்ல, ஆமி வரும்போது நீர் எந்த இடத்தில் நின்றீர் என்பதையே என்று விளக்கினோம். "கிணத்தடியிலை நிண்டனான்" என்றார் அவர். சட்டத்தரணி முதலில் எழுதியதை வெட்டிவிட்டு, கிணற்றுக்கும் படலைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்கத் தொடங்கினார்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அந்த அறையில் இருந்த எவருக்கும் அன்று சிரிப்பு வரவில்லை. எழுத்தில் ஒன்றும் விசாரணையில் வாய்மொழியாக வேறொன்றும் வந்துவிட்டால், கோரிக்கையாளர் நம்பத்தகாதவர் என்ற முடிவுக்கு அதுவே போதுமான காரணமாகக் கொள்ளப்படுவது வழக்கம். வாசிகசாலைக்குப் பத்திரிகை எடுத்துப் போட்ட ஒருவர், தாம் ஒருபோதும் வகித்திராத பதவியொன்றுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றிருப்பார். ஆங்கிலம் அறவே தெரியாதவருக்கு இந்த ஆபத்துக் குறைவு. அவர் மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அரைகுறையாகத் தெரிந்தவருக்கே அது அதிகம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருளை மட்டும் பள்ளியிற் படித்து வைத்திருப்பவர், அந்தப் பொருளையே எங்கும் காண்பார்.

உறவுச் சொற்களுக்கு வருவோம். 'றாங்க்' என்பது வரிசையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல். படைவீரர் நிற்கும் வரிசையிலிருந்து தரத்துக்குப் போயிற்று. 'பிளேஸ்' என்பது அகன்ற தெருவைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. 'சிற்றுவேஷன்' முன்னர் வேலையையும் குறித்தது. பழைய ஆங்கிலப் பத்திரிகைகளின் வேலைவாய்ப்புப் பகுதிக்கு அச்சொல்லே தலைப்பு. இப்போது அது பெரும்பாலும் ஏதோ சிக்கல் என்பதற்கான நாகரிகமான பெயராகிவிட்டது.

'போஸ்ற்' சற்று நின்று பார்க்க வேண்டிய சொல். உருவத்தில் ஒன்றாயினும் அவை இரண்டு குடும்பங்கள். தூணைக் குறிக்கும் 'போஸ்ற்', வாசற்காலைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உத்தியோகத்தைக் குறிப்பதும் தபாலைக் குறிப்பதும் முன்னர் சொன்ன 'வைத்தல்' குடும்பத்தவை. வழிநெடுகக் குதிரைகளுடன் ஆள்களை வைத்துக் கடிதங்களை அனுப்பிய ஏற்பாட்டிலிருந்தே தபாலுக்கு அப்பெயர் கிடைத்தது.

நாம் ஊரில் 'போஸ்ரிங்' என்றால் என்ன கருதினோம்? அரசாங்க உத்தியோகத்தருக்கு எந்த ஊரில் நியமனம் என்பதைத்தானே. மன்னாருக்குப் போஸ்ரிங் வந்துவிட்டது, மட்டக்களப்புக்கு மாற்றம் கிடைத்துவிட்டது என்று குடும்பங்கள் அதனைச் சுற்றியே சுழன்றன. கனடாவில் அது வேலை வெற்றிடத்தை அறிவிக்கும் விளம்பரம். எமது வகுப்புக்கு வந்த ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர் ஒருவர், வேலை தேடித்தரும் நிலையமொன்றில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு மூன்று கிழமை பொறுமையாக இருந்தார். பின்னர் நேரிற் சென்று, தமது 'போஸ்ரிங்'கிற்காகக் காத்திருப்பதாகப் பணிவுடன் அறிவித்தார். அங்கிருந்த பெண், சுவரிற் குத்தியிருந்த கடதாசிகளைக் கைகாட்டி, எல்லாம் அங்கே இருக்கின்றன என்று புன்னகைத்தார். அவர் ஒவ்வொன்றாக வாசித்துத் தமது பெயரைத் தேடினாராம். "ஒண்டிலும் என்ரை பேர் இல்லை, மாஸ்ரர்" என்று வந்து சொன்னார். முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்கம் அவரது பெயரைத் தட்டெழுதி அனுப்பியிருந்தது. விளம்பரத்தைப் பார்த்து ஆள்தான் போகவேண்டும் என்ற ஒழுங்கு அவருக்குப் புதிது.

அவரிடமிருந்தே எமக்கு மற்றொரு சொல் கிடைத்தது. 'ஸ்ரேஷன்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் ஒருவரது சமூகத் தரத்தைக் குறித்தது என்று வகுப்பிற் சொன்னபோது, அப்படியானால் தாம் இரண்டு விதத்திலும் அதற்கு அதிபர்தான் என்றார். நிற்றல் என்ற பொருளுடைய 'ஸ்ராரே' என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தது அச்சொல். தமிழிலும் நில் என்பதிலிருந்தே நிலையம் வந்தது. இரு மொழிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்காமல் ஒரே வழியிற் போயிருக்கின்றன. நில் என்பதற்கு ஓட்டம் ஒழிதல் என்ற பொருளும் உண்டல்லவா? 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடியது 2014இல். அதிபர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார்.

'ஸ்ராரே' பெற்ற பிள்ளைகளில் நமக்கு மிகவும் அறிமுகமானது 'ஸ்ரேற்றஸ்'. தமிழிலே சரியாக ஒத்த சொல் 'நிலை'தான். வேரும் ஒரே கருத்து. பொருளும் ஒரே கருத்து. ஆயினும் நாம் அதனைத் தெரிவு செய்யவில்லை. அகதி அந்தஸ்து என்றோம். ஊரிலே அந்தஸ்து என்ற சொல் எதனைக் குறித்தது? கல்வீடு, காணி, உத்தியோகம், கோயில் உபயம், கலியாணத்துக்கு வந்த மேளக்கூட்டங்களின் எண்ணிக்கை. அந்தஸ்துக்கு ஏற்ற சம்பந்தம் என்றுதான் தரகர் பேசுவார். அப்படிப்பட்ட சொல்லின் முன்னால் அகதி என்பதைக் கொண்டுவந்து ஒட்டியவர் யாரோ அறியோம். நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருந்திருக்க வேண்டும். ஒட்டிய பின்னர் அது நிலைத்துவிட்டது. 1951ஆம் ஆண்டின் ஜெனீவாச் சமவாயத்தின் தலைப்பிலேயே 'ஸ்ரேற்றஸ்' என்ற சொல் உண்டு. 1967ஆம் ஆண்டின் இணைப்பு உடன்படிக்கையிலும் உண்டு. 1969இல் கனடா அவ்விரண்டிலும் சேர்ந்துகொண்டது. இலங்கையும் இந்தியாவும் இன்றுவரை சேரவில்லை. ஆகவே தமிழகத்து முகாம்களில் வாழும் நம்மவர் பல பத்தாண்டுகளாக அகதிகள் என்று அழைக்கப்பட்டும், அச்சமவாயம் சொல்லும் 'ஸ்ரேற்றஸ்' இல்லாதவர்களாக உள்ளனர்.

சொல் தெரிவினால் வந்த தீங்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தஸ்து என்றால் அது மேலிருந்து வழங்கப்படுவது, பரிசு போன்றது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. அவருக்கு அந்தஸ்துக் கொடுத்துவிட்டார்கள், இவருக்குக் கொடுக்கவில்லை என்று பேசுகிறோம். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையாளர் அலுவலகம் 1979இல் வெளியிட்ட கைநூல் இதனை வேறுவிதமாக விளக்குகிறது. சமவாயத்தின் வரைவிலக்கணத்துக்குள் ஒருவர் வந்த கணத்திலிருந்தே அவர் அகதி. அரசு அவரை ஏற்பதனால் அவர் அகதி ஆவதில்லை, அவர் அகதியாக இருப்பதனாலேயே ஏற்கப்படுகிறார் என்பது அதன் கருத்து. நிலை என்ற சொல்லை நாம் வைத்திருந்தால் இது இலகுவில் விளங்கியிருக்கும். ஒருவரின் நிலையை மற்றொருவர் கொடுக்க முடியாது, அறிந்துகொள்ளத்தான் முடியும்.

நமது சமூகத்துக்குள் அது எப்படி ஆயிற்று என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1990களில் கலியாணப் பேச்சுக்களில் சீதனத்துக்கும் சாதகத்துக்கும் முன்னதாக, பொடியனுக்கு 'ஸ்ரேற்றஸ்' உண்டோ என்ற கேள்வி வந்தது. 'லாண்டட்' கிடைத்துவிட்டதோ என்று சாவீட்டிலும் விசாரித்தார்கள். அந்த 'லாண்டட்' என்ற பெயர் 2002இல் புதிய குடிவரவுச் சட்டத்தோடு உத்தியோகபூர்வ வழக்கிலிருந்து போய்விட்டது. நமது வாயிலிருந்து போகவில்லை. நிராகரிக்கப்பட்டவர்களை நாமே 'ஸ்ரேற்றஸ் இல்லாத ஆள்கள்' என்று பிரித்து வைத்தோம். பாண் வாங்கும் கடையில் முன்னால் நிற்பவரின் கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது பின்னால் நிற்பவருக்குத் தெரிந்திருந்தது. அரசாங்கம் ஒரு சட்டத் தேவைக்காக எழுதிய சொல்லைப் பழைய அந்தஸ்து வேலைக்கு நாம் மறுபடியும் எடுத்துக்கொண்டோம் என்பதே எமது அபிப்பிராயம். மறுப்பவர்கள் எழுதலாம்.

'இடம்' என்ற சொல்லின் கதை இதற்கு எதிர்த் திசையிலே போகிறது. ஆங்கிலத்தில் 'பிளேஸ்' என்பதன் முன் ஓர் ஒட்டைச் சேர்த்து 'டிஸ்பிளேஸ்' என்று ஆக்குவது போலவே, நாம் இடம்பெயர்தல் என்கிறோம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அச்சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படாமற் போயிற்று. நாட்டின் எல்லையைத் தாண்டாதவர் இடம்பெயர்ந்தவர். தாண்டியவர் அகதி என்பது சட்டத்தின் பாகுபாடு. நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவருக்கு இடம் போயிற்று. கட்டுநாயக்காவைக் கடந்தவருக்கு இடத்துடன் நிலையும் போயிற்று. அதனைத் தேடித்தான் படிவம் நிரப்பினார்.

இவற்றையெல்லாம் விட, யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒரு நுட்பம் உண்டு. அதனை ஆங்கிலத்தில் எப்படிப் பெயர்ப்பது என்று எமக்கு இன்றும் வழி தோன்றவில்லை. ஒருவர் ஓரிடத்தில் நிலையாக வாழ்வதை 'இருக்கிறார்' என்கிறோம். போன இடத்தில் சிலகாலம் தங்குவதை 'நிற்கிறார்' என்கிறோம். கொழும்பிலே நிற்கிறார் என்றால் திரும்பி வருவார் என்பது பொருள். தொலைபேசியை எடுத்ததும் 'எங்கை நிக்கிறியள்?' என்று கேட்பதும் இவ்வழக்கே. நாம் 1991இல் கனடாவுக்கு வந்தோம். எமது அம்மா இறக்கும் வரை, அயலவர் கேட்கும்போதெல்லாம், "மூத்தவன் கனடாவிலை நிக்கிறான்" என்றே சொல்லி வந்தார் என்று தங்கை எழுதுவார். நாம் குடியுரிமை பெற்று, வீடு வாங்கி, பேரப்பிள்ளையும் கண்ட பின்னரும் அம்மா வினையை மாற்றவில்லை.

எமது ஊர் வலிகாமம் வடக்கில். 1990இல் அங்கிருந்து வெளியேறிய மக்களின் காணிகள், 2009இல் போர் முடிந்த பின்னரும் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. எமது துண்டு விடுவிக்கப்பட்டபோது நாம் போய்ப் பார்த்தோம். சுவர்கள் நின்றன. கூரை இல்லை, கதவுகள் இல்லை, வாசல் நிலையும் இல்லை. அங்கே நின்றபோதுதான், நாம் இத்தனை ஆண்டுகள் வகுப்பில் விளக்கிய அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. இரண்டு கால்களும் மேலே ஒரு குறுக்குமரமுமாகக் கதவைத் தாங்கும் சட்டம். ஊரிலே வீடு கட்டுகிறவர்கள் அதற்கென்றே நாள் பார்ப்பார்கள். ஆங்கிலத்துப் 'பொசிஷன்' குடும்பத்தில் இதற்குச் சொல் இல்லை. தூணைக் குறிக்கும் அந்த மற்றைய 'போஸ்ற்' மட்டும், வாசற்கால் என்ற தன் பழைய பொருளால், கொஞ்சம் கிட்ட வருகிறது.

வீட்டைத் திருத்தித் தங்கையின் பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. தச்சு வேலைக்கு வந்தவர் எம்மிடம் முன்னர் படித்தவராம். வாசலை அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"நிலை முதிரையிலையோ, வேம்பிலையோ, மாஸ்ரர்?"

வேம்பு என்றோம். பழையதும் வேம்புதான்.

"சாத்திரியாரிட்டை நாள் கேட்டுச் சொல்லுங்கோ. நிலை வைக்கிற அண்டைக்கு நீங்கள் நிப்பியளோ?"

எமது கனேடியக் கடவுச்சீட்டில் முப்பது நாள் வருகையாளர் விசா இருந்தது. சாத்திரியார் சொன்ன நாள் அதற்கு ஆறு நாள் பிந்தி வந்தது. தங்கை முன்னின்று வைப்பித்துப் படம் அனுப்பினார்.